எக்ஸாஸ்ட் ஃபேனைச் சுத்தி விட்ட சந்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

பாத்ரூம் சீலிங்ல கருப்பு கருப்பா பூஞ்சை வந்தா எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனா மாத்துங்க. நானும் மாத்தினேன், சத்தம்தான் அதிகமாச்சு, கண்ணாடியில படிஞ்ச ஆவி போகவே இல்ல. கடைசியில மெயினை ஆஃப் பண்ணிட்டு ஃபேனை மூடியிருக்கிற கிரில்லை கழட்டிப் பாத்தா, ஃபேன் பெட்டிக்கும் சீலிங் போர்டுக்கும் நடுவுல சுத்திலும் விரல் நுழையிற அளவுக்கு சந்து, போர்டு ஓரம் பூரா தூசி கோடு கோடா படிஞ்சிருக்கு. காத்து அந்த வழியாத்தான் போய் வந்துட்டு இருந்திருக்கு.

ஃபேன் ஓடும்போது எது கிட்டக்க சுலபமான வழியோ அங்கேருந்துதான் காத்தை இழுக்கும், அதனால பாத்ரூம் ஆவிய விட்டுட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இருக்கிற காத்தையும் சேத்து இழுத்து வெளிய தள்ளுது. ஃபேனை நிறுத்தினா இன்னும் மோசம், சூடான ஈரக்காத்து அதே சந்து வழியா மேல ஏறி, குளிர்ந்த இடத்துல பட்டு தண்ணியாகி போர்டு ஊறிப்போகுது. ஏசியோ ஹீட்டரோ போடுற வீட்டுல காசு குடுத்து குளிர வச்ச காத்தும், சூடாக்கின காத்தும்கூட இந்த வழியாதான் போகுது.

எனக்கு ஃபேன் மாட்டினவரைக் கேட்டா கிரில் மூடிடும்ல சார்ங்கறாரு. கிரில் கண்ணுக்குத்தான் மறைக்கும், காத்தைத் தடுக்காது! சந்து சின்னதா இருந்தா சிலிக்கான் இல்ல அக்ரிலிக் சீலன்ட் போதும். ஸ்ப்ரே ஃபோம் அடிக்கறவங்க கொஞ்சமா அடிங்க, அது உப்பி பெட்டிய நெளிச்சிட்டா ஃபேன் உரச ஆரம்பிச்சிடும், மோட்டாருக்கு காத்து போற ஓட்டையையும் அடைச்சிடக்கூடாது. ஃபேன்லேருந்து காத்தை வெளிய கொண்டு போற டக்ட் பைப் சேர்ற இடத்துல துணி டேப் சுத்தியிருந்தாங்க, காஞ்சு உரிஞ்சு தொங்குது, அதுக்கு அலுமினியம் ஃபாயில் டேப்தான் நிக்கும்.

இன்னொண்ணு, டக்ட் குளிர்ச்சியான இடத்துல போனா அதுக்கு மேல இன்சுலேஷன் (சூடு, குளிர் ஏறாம தடுக்கற உறை) சுத்தணும், வெளிப்பக்கம் பாத்து கொஞ்சம் சரிவா விடணும். இல்லாட்டி உள்ளயே ஆவி தண்ணியாகி கிரில் வழியா சொட்டும், நாம மாடி ஒழுகுதுன்னு ஆள் கூப்பிடுவோம். டக்ட் முனை கட்டாயம் வெளியில திறக்கணும், ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளயே விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க, அது ஈரத்தை இடம் மாத்தி வைக்கிறதுதான். ஆனா லைட்டு, ஹீட்டர் சேர்ந்த ஃபேனா இருந்தா இன்சுலேஷனை ஒட்டி வைக்கலாமான்னு ஃபேனோட வந்த குறிப்புப் பேப்பர்ல படிச்சிட்டு செய்யுங்க, சூடு ஏறி தீப்பிடிக்கற ஆபத்து இருக்கு.

எல்லாம் அடைச்சப்புறம் ஒரு டிஷ்யூ பேப்பரை கிரில்கிட்ட காட்டினேன், சப்புன்னு ஒட்டிக்கிச்சு. முன்னாடி லேசா ஆடிட்டு கீழ விழும். கதவுக்கு அடியில அரை இன்ச்சாவது இடைவெளி விடுங்க, உள்ள வர காத்து இல்லாம ஃபேன் எதை வெளிய தள்ளும்?

இந்த வேலைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது சார். ஃபேன் மாட்ட வர்றவர் ஏணிய மடக்கறதுக்கு முன்னாடி கிரில்லைக் கழட்டி ஓரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கன்னு உங்க பேப்பர்ல நாலு வரி போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்