வேலையை விடப்போகிறாய் என்றாயே

அன்பு மகளுக்கு,

நீ எழுதியதை அப்பாவிடமும் படித்துக் காட்டினேன். வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் சும்மா இருக்கப் போகிறேன், நீங்கள் என்ன சொல்வீர்களோ என்று பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தாராளமாக விடு. அப்பாவும் அதையேதான் சொன்னார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மீதியை நீ படபடப்பில்லாமல் படிக்கலாம்.

"உச்சத்தில் இருக்கும்போது யாராவது இறங்குவார்களா?" என்று உன் மேலதிகாரி கேட்டாராமே. அதைப் படித்ததிலிருந்து எனக்குப் பாடகி உடாடா ஹிகாருவின் நினைவுதான். உனக்கு அவரைத் தெரியும், ஆனால் 'ஃபர்ஸ்ட் லவ்' ஆல்பம் வந்த வருடத்தை உனக்குத் தெரியாது. நீ தள்ளுவண்டியில் இருந்தாய்.

1999 மார்ச் 10-ஆம் தேதி வெளிவந்தது. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலுக்காக அப்பா இரவு பகலாக உழைத்துக்கொண்டிருந்த காலம். டோக்கியோவின் நிஷிகசாயில் உன்னைத் தள்ளிக்கொண்டு எங்கே போனாலும் அந்தக் குரல் கேட்கும். கொன்பினி என்கிற தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போனாலும் அதுதான், ரயில் நிலையத்துக்கு அடியில் இருந்த சிடி கடையிலும் அதுதான். முதல் வாரத்திலேயே 20 லட்சம் தாண்டியது. மொத்தத்தில் ஜப்பானில் மட்டும் 76 லட்சத்துக்கும் மேல். கைக்குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் பதினாறு, பதினேழு பேருக்கு ஒரு சிடி. இன்றுவரை இந்த நாட்டில் அதைவிட அதிகம் விற்ற ஆல்பம் கிடையாது. பாடியவருக்கு வயது 16. பாட்டுகளை எழுதி மெட்டமைத்தவரும் அவரே.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம் அவர் பாடிய விதம். 'ஆட்டோமேட்டிக்' பாட்டின் முதல் வரியைக் கவனித்துக் கேள். தொலைபேசியின் ஏழாவது மணி ஒலிக்கு ரிசீவரை எடுத்தாய் என்று காதலனிடம் சொல்லும் வரி. ஏழாவது என்ற சொல்லின் முதல் அசையை மட்டும் உதிர்த்துவிட்டு நிறுத்துகிறார். ஒரு மூச்சு கழித்துத்தான் மீதி வருகிறது. மணி என்ற சொல்லும் அப்படித்தான், பாதியில் உடைந்து மறு பாதி அடுத்த அடியில் போய் விழுகிறது. எனக்கு வாய்ப்பாட்டு சொல்லித்தந்த டீச்சர், இப்படிப் பதம் பிரித்தால் தொடையில் போடும் தாளத்தையே நிறுத்திவிடுவார். ஆனால் இங்கே அந்த உடைவில்தான் அந்தப் பெண்ணின் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்கிறது. அரைகுறை ஜப்பானிய மொழியோடு இருந்த எனக்கே அது புரிந்தது.

பக்கத்து வீட்டு அம்மையார்தான் ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னார், இது ஃபுஜி கெய்கோவின் குழந்தை என்று. அவருடைய தலைமுறைக்கு அது பெரிய செய்தி. பனி கொட்டும் ஹொக்கைடோவில், ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்த பெற்றோரோடு வளர்ந்தவர் ஃபுஜி கெய்கோ. எங்கா என்கிற சோகம் தோய்ந்த ஜப்பானியப் பாட்டு வகையைப் பாடியவர். 1970-இல் அவருடைய இரண்டு ஆல்பங்கள் அடுத்தடுத்து, 37 வாரம் தொடர்ச்சியாக விற்பனைப் பட்டியலின் முதலிடத்தில் இருந்தன. அந்தத் துயரம் தோய்ந்த குரலின் அடிநாதத்தை மகளின் 'ஃபர்ஸ்ட் லவ்' பாட்டில் கேட்க முடியும் என்று அந்த அம்மையார் அடித்துச் சொல்வார். பியானோவோடு அடங்கித் தொடங்கும் அந்தப் பாட்டில், கடைசி முத்தத்தில் புகையிலை வாசம் இருந்தது என்று பதினாறு வயதுப் பிள்ளை எழுதுகிறது. நானும் அந்த அம்மையார் கட்சிதான்.

ஒரே ராத்திரியில் வந்த வெற்றியும் இல்லை அது. சிறு வயதிலேயே நியூயார்க்கில் தாய் தந்தையோடு ஒலிப்பதிவுக் கூடங்களில் வளர்ந்தவர். கியூபிக் யூ என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடிய ஆல்பம் அதற்கு ஒரு வருடம் முன்பே ஜப்பானில் வந்தது, பெரிதாக யாரும் சீந்தவில்லை.

நான் சொல்ல வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. 2001-இல் 'டிஸ்டன்ஸ்' வந்து முதல் வாரமே 30 லட்சம் விற்றது. அதன் பிறகும் ஆல்பம், கச்சேரி என்று ஓடிக்கொண்டேதான் இருந்தார். 2010 ஆகஸ்டில் திடீரென்று, இந்த வருடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன், கொஞ்ச காலம் ஒரு மனிதராக வாழப் போகிறேன் என்று அறிவித்தார். வயது 27. டிசம்பர் 8, 9 தேதிகளில் யோகோஹாமா அரங்கில் பாடிவிட்டுப் போனார். பதினைந்து வயதிலிருந்து இசையே வாழ்க்கையாக இருந்த ஒருவர், கேட்க ஆள் இருக்கும்போதே இறங்கினார். உன் மேலதிகாரியின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் அவர்தான்.

அந்த இடைவெளியில்தான், 2013-இல், அவருடைய தாய் இறந்துபோனார். 2015-இல் ஒரு மகன் பிறந்தான். 2016 ஏப்ரலில் என்எச்கே தொலைக்காட்சியின் காலைத் தொடருக்கு அவர் பாட்டு வந்தது. எட்டு மணிக்கு நான் அந்தத் தொடரைத் தவற விடமாட்டேன் என்று உனக்குத் தெரியுமே. ஒப்பனையே செய்துகொள்ளாத நீ லேசாக ஒப்பனை இட்டிருந்த காலை என்று தொடங்கும். குக்கரை இறக்கிக்கொண்டே கேட்டபோது கல்யாணப் பெண்ணைப் பற்றிய பாட்டு என்றே நினைத்துக்கொண்டேன். அது தாயை வழியனுப்பிய காலை. கடைசியாக முகத்துக்குப் பூசும் அந்த ஒப்பனையைத்தான் அவர் ஊருக்கே கேட்கும்படி, அழுகையை வெளியே காட்டாமல் பாடியிருந்தார். அந்த செப்டம்பரில் வந்த 'ஃபான்டோம்' ஆல்பம் முழுவதும் தாய்க்கானது. ஆறு வருடம் நிற்காமல் ஓடியிருந்தால் அந்தப் பாட்டு அப்படி வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ பாட்டு எழுத வேண்டும், புதிதாக எதையாவது சாதித்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்பதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. தூங்கு. சமைத்துச் சாப்பிடு. பகலில் ஒசாகா எப்படி இருக்கும் என்று பார். காலாண்டுக்குக் காலாண்டு உன் பெயர் முதலில் வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம், இனி வராவிட்டாலும் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. யாராவது சொந்தக்காரர்கள் கேட்டால் நான் பேசிக்கொள்கிறேன்.

காரியங்களை மட்டும் கோட்டை விட்டுவிடாதே. வேலையை விட்ட 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்துக்குப் போய்த் தேசிய மருத்துவக் காப்பீட்டுக்கு மாறிக்கொள். குடியிருப்பு வரியை முந்தைய ஆண்டு வருமானத்துக்குத்தான் போடுவார்கள், சம்பளம் நின்ற பிறகும் ஜூன் மாதம் சீட்டு வந்து நிற்கும். அதற்கான தொகையை இப்போதே தனியாக எடுத்து வை. வாடகைக்குப் போதாவிட்டால் கூச்சப்படாமல் அப்பாவிடம் சொல். அவர் நேற்றே வங்கிக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டார்.

அன்புடன்,
அம்மா