பேட்டனைக் கவிழ்த்தது கரும்புக் காடும் சேறும்

ஆசிரியருக்கு வணக்கம்.

1965 இந்திய-பாகிஸ்தான் போரில் பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த டாங்கிச் சண்டை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், இந்திய வீரர் அப்துல் ஹமீதைப் பற்றி எழுதியிருப்பது நன்று. ஆனால் பாகிஸ்தான் கொண்டுவந்த அமெரிக்க டாங்கியான பேட்டனை 'வெறும் தகர டப்பா' என்று முடித்திருப்பதை ஏற்க முடியவில்லை. 90 மி.மீ. பீரங்கி, 810 குதிரைத்திறன் எஞ்சின் என்று அன்றைக்கு அது முதல் தரமான டாங்கி. எதிரே நின்ற இந்திய டாங்கிகளில் 3-ஆவது கேவல்ரி என்ற படைப்பிரிவின் சென்சூரியன் மட்டுமே அதற்கு ஈடு. டெக்கான் ஹார்ஸ் படைப்பிரிவிடம் இருந்தவை பழைய ஷெர்மன்கள். 8-ஆவது லைட் கேவல்ரியின் ஏ.எம்.எக்ஸ்.-13 என்ற இலகு டாங்கி, பேட்டனோடு நேருக்கு நேர் நிற்கக்கூடிய வண்டியே அல்ல.

பிறகு எப்படித் தோற்றது? செப்டம்பரில் பஞ்சாபில் கரும்பு ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும். 3 மீட்டருக்கு மேல் உயரமான பேட்டன் உள்ளே நுழைந்தால் மேற்கோபுரம் தோகைக்கு மேலே தெரியும். உள்ளே இருப்பவனுக்கோ எதிரில் எதுவும் தெரியாது. பேட்டனின் பெருமையே இரு கண்ணாலும் பார்த்துத் தூரம் கணிக்கும் கருவிதான். நன்றாகப் பழகிய கண் அதற்கு வேண்டும், இலக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும். எதிரி சில நூறு மீட்டரில் தோகைக்குள் பதுங்கியிருந்தால் அந்தக் கருவி சுமைதான்.

இந்தியத் தளபதி குர்பக்ஷ் சிங்கின் 4-ஆவது மலைப்படை டிவிஷன் பின்வாங்கி, அசல் உத்தர், சீமா கிராமங்களைச் சுற்றிக் குதிரை லாட வடிவில் நிலைகொண்டது. வாயைத் திறந்துவைத்து, இரு பக்கமும் பிரிகேடியர் தியோகராஜின் டாங்கிகளை மறைத்து நிறுத்தினார்கள். கால்வாய்க் கரையை வெட்டி வயல்களில் தண்ணீரையும் விட்டார்கள். சேற்றில் 45 டன் வண்டி வேகமாகத் திரும்ப முடியாது. திரும்ப முயன்றால் பக்கவாட்டைக் காட்ட வேண்டிவரும். முன்பக்கத்தைவிட அங்கே கவசம் மெல்லிசு. போதாததற்கு எஞ்சின் பெட்ரோலில் ஓடுவது. அடிபட்டால் சீக்கிரம் பற்றும்.

ஹமீதின் ஆயுதத்தைக் கட்டுரை 'துப்பாக்கி' என்கிறது. அது ஜீப்பில் பொருத்திய ஆர்.சி.எல். (பின்னுதைப்பு இல்லாத) பீரங்கி, 200 கிலோவுக்கு மேல் எடை. 106 மி.மீ. என்பது பெயரளவில்தான், குழல் விட்டம் 105. பழைய 105 ரகத்தின் குண்டோடு கலந்துவிடக் கூடாது என்றே 106 என்றார்கள். குழலின் மேலே 12.7 மி.மீ. குறிபார்க்கும் துப்பாக்கி ஒன்று இருக்கும். சுடும் குமிழை இழுத்தால் அது சுடும். தோட்டா இலக்கில் பளிச்சிட்டால் குறி சரி. அதே குமிழை அழுத்தினால் பெரிய குண்டு போகும். பின்னுதைப்பு இல்லாததற்கு விலை, குழலின் பின்வழியாகப் பீறிடும் நெருப்பும் புகையும். முதல் குண்டிலேயே இடம் தெரிந்துவிடும். ஆகவே சுட்டதும் ஜீப்பை நகர்த்தியாக வேண்டும். செப்டம்பர் 10 அன்று ஹமீது அதைத்தான் செய்தார். முன்னணி டாங்கியை அடித்தார், இடம் மாறி இன்னொன்றை எரித்தார். அதற்குள் எதிரிகள் ஜீப்பைக் கண்டுகொண்டார்கள். தகரக் கவசம்கூட இல்லாத வண்டி அது. எதிரியை டப்பா என்று சொன்னால் இவர் செய்ததும் சிறுத்துப்போகிறது.

இன்னும் சில திருத்தங்கள். பாகிஸ்தான் இழந்தது '97 பேட்டன்கள்' என்பது சரியல்ல; இந்தியத் தரப்பின் அந்தக் கணக்கில் சாஃபி டாங்கிகளும் அடக்கம். படத்தில் உள்ளது விஜயந்தா அல்ல, சென்சூரியன். ஆவடியில் முதல் விஜயந்தா வெளிவந்தது 1965 டிசம்பரில், போர் நின்று 3 மாதம் கழித்து. அருகிலுள்ள கேம்கரண் ஊரைச் சண்டையில் மீட்டதாக எழுதியிருப்பதும் பிழை. போர்நிறுத்தத்தின்போது ஊர் பாகிஸ்தான் வசமே இருந்தது. தாஷ்கண்ட் சமாதான உடன்பாட்டுக்குப் பின், 1966-இல்தான் திரும்பக் கிடைத்தது.

– ஒரு வாசகர், ஆவடி