அரிசி வரிசையில் கேட்ட சம்மதம்

ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகத்தில் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில், ஈழ அகதிகளுக்கான முகாம் ஒன்றில் வளர்ந்தவன் நான். ராமேசுவரம் பக்கத்து மண்டபத்தில் வந்திறங்கிய அன்று அதிகாரி நீட்டிய தாளில் அப்பா கையெழுத்திட்டார். அதில் என்ன இருந்தது என்று பல ஆண்டுகள் கழித்துக் கேட்டேன். “உங்களுக்குச் சோறு” என்று எழுதியிருந்ததாகச் சொல்லிச் சிரித்தார். வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் நடந்ததைப் படித்தபோது அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது.

2018 ஜூனில் வங்கதேச அரசுடன் சேர்ந்து, மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்கியா அகதிகளைப் பதிவுசெய்யத் தொடங்கினீர்கள். பதிந்தவர்களுக்கு ஸ்மார்ட் கார்டு கிடைத்தது, அதைக் காட்டி உதவிப் பொருட்களைப் பெற்றார்கள். அந்தப் பதிவிலிருந்து குறைந்தது 8,30,000 பேரின் விவரங்களை, கைரேகை போன்ற பயோமெட்ரிக் தகவல் உட்பட, வங்கதேசம் மியான்மருக்கு அனுப்பியது என்று 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளிப்படுத்தியது. யாருக்குப் பயந்து எல்லையிலுள்ள நாஃப் ஆற்றைக் கடந்து ஓடி வந்தார்களோ, அதே அரசுக்கு.

அந்த அமைப்பு 24 அகதிகளிடம் பேசியிருந்தது. ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு இது உதவிக்கான பதிவு என்றே சொல்லப்பட்டிருந்தது. மியான்மருடன் பகிரச் சம்மதம் என்ற கட்டத்தில் குறி போட்ட ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. அதை வாசிக்க முடிந்தவர்கள் மூவர் மட்டுமே. நாடு திரும்பத் தகுதி பெற்றோர் பட்டியலில் தம் பெயரும் இருக்கிறது என்று அறிந்து வேறு முகாம்களில் ஒளிந்துகொண்டவர்களும் உண்டு.

சம்மதம் கேட்டோம், மறுத்தவர்களையும் பதிவுசெய்தோம் என்பது உங்கள் பதில். கேட்டிருப்பீர்கள், நம்புகிறேன். ஆனால், பசித்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பவள் எந்தக் கேள்விக்கும் ஆம் என்றுதான் சொல்வாள். அரிசி தரும் மேசையில் அரிசி தவிர வேறு எதற்கும் சம்மதம் வாங்கக்கூடாது.

அவர்களுக்கு அட்டையின் அரசியல் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். ரோஹிங்கியாக்களை நாடற்றவர்களாக்கிய மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு அட்டையாகக் கொடுத்தும் பறித்தும்தான் அந்த மக்களை அந்நியராக்கினார்கள். 2018 நவம்பரில் முகாம்களில் கடையடைத்துப் போராடியவர்களின் அச்சங்களில் ஒன்று, இந்தத் தகவல்கள் மியான்மருக்குப் போய்விடும் என்பதே. அப்போதே நீங்கள் காதில் வாங்கியிருக்கலாமே.

உங்கள் வாதத்தில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்கவில்லை. இந்த மண்ணைச் சேர்ந்தவன் என்று நிறுவ நாடற்றவனுக்கு ஆவணம் வேண்டும். நாளை ஊர் திரும்ப விரும்பினால் அது கைகொடுக்கும். ஆனால், அந்த ஆவணம் அவன் கையில் இருக்கவேண்டும். திரும்ப நினைப்பவன் தானே முன்வந்து ஊர்ப்பெயரும் தகப்பன் பெயரும் கொடுக்கட்டும். கேட்காதவனின் ரேகை எல்லை தாண்டுவானேன்? பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த ஊரில் பிழைத்தவர்களை எங்கள் முகாமிலேயே அறிவேன். ரேகை அந்த வழியையும் அடைத்துவிடும். வாங்கிக்கொள்ளும் அரசும் அதே அரசாக நீடிப்பதில்லை. 2021 பிப்ரவரியில் மியான்மர் முழுவதும் ராணுவத்தின் கைக்குப் போனது.

வேறு வழி இருக்கிறது. சர்வதேசச் செஞ்சிலுவைச் சங்கம் 2019இல் வகுத்த கொள்கைப்படி, உதவி பெறுபவரின் ரேகையை அவர் கையிலிருக்கும் அட்டையிலேயே பதிந்து தரலாம், மையத் தகவல் கிடங்கில் சேர்க்கவேண்டியதில்லை. அட்டையும் விரலும் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் போதும், அரிசி அளந்துவிடலாம். அவசியம் நேர்ந்து இன்னொரு நாடு கேட்டாலும் ‘ஆம்’, ‘இல்லை’ என்ற பதில் மட்டும் போகட்டும், ரேகை போகவேண்டாம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். உதவிக்கான பதிவையும் நாடு திரும்புவதற்கான பதிவையும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு மேசையில் நடத்துங்கள். தப்பி வந்த நாட்டுக்கு யாருடைய ரேகையும் போகாது என்று, தகவல் பகிரும் எந்த அரசுடனும் எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள். 2018இலிருந்து யார் யாருடைய தகவல் மியான்மருக்குப் போனது, அதில் என்னென்ன இருந்தன என்பதை அந்தந்தக் குடும்பத்திடம் அவர்கள் மொழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆங்கில ரசீது வேண்டாம்.

இப்படிக்கு,
முகாமில் வளர்ந்த ஒருவன்