அடித்துத் திருத்திய காகிதம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் சீன எழுத்துக்கலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தூரிகை, மை, காகிதம், மைக்கல், 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்று தகவல்கள் எல்லாம் சரிதான். ஆனால் தொடக்கம் முதல் முடிவு வரை அழகு, நேர்த்தி என்றே போய்விட்டது, அதில் எனக்கு உடன்பாடில்லை.

ஓட்டெழுத்தில், அதாவது கோடுகளைச் சேர்த்து விரைந்து எழுதும் பாணியில், முதல் இரண்டு இடங்கள் என்று சீனர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் இரண்டுமே வரைவுகள். கி.பி. 353இல் நண்பர்களோடு ஓடைக்கரையில் கூடி மது அருந்திக் கவிதை எழுதிய நாளில் எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜி அந்தக் கவிதைகளுக்கு எழுதிய லான்டிங் முன்னுரை முதலாவது. ஒரே எழுத்து அதில் 20 இடங்களில் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு விதம். மூலம் இன்று இல்லை, நகல்கள்தான், ஆனால் நகலெடுத்தவர்கள் அவருடைய திருத்தங்களையும் அப்படியே எடுத்திருக்கிறார்கள்!

இரண்டாவதுதான் என்னை உலுக்கியது. டாங் அரசுக்கு எதிராக ஆன் லூஷான் என்ற தளபதி நடத்திய கலகத்தில், எழுத்துக்கலைஞரும் அதிகாரியுமான யான் ஜென்சிங்கின் அண்ணன் முறையானவரும் அவர் மகனும் கொல்லப்பட்டார்கள், அந்தப் பையனின் தலை மட்டும்தான் கிடைத்தது. 758இல் அவனுக்காக யான் எழுதிய இரங்கலுரையின் வரைவு அது. தொடக்கத்தில் ஓரளவு நிதானமாகப் போகும் கை, போகப்போக வேகமெடுக்கிறது, வரிகள் அடிக்கப்படுகின்றன, மை தீர்ந்து தூரிகை வறண்ட பிறகும் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போகிறார். எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்ற வரிசை இந்த எழுத்துகளுக்கு உண்டு, மேலே திரும்பத் தீட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்கே மை தொட்டார், எங்கே தொட மறந்தார் என்று பார்க்கிறவர் அந்தக் கையின் பின்னாலேயே போகலாம். ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் ஆன ஒருவரின் துக்கத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் கலை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

தைபேய் தேசிய அரண்மனை அருங்காட்சியகம் 2019இல் இதை டோக்கியோ கண்காட்சிக்குக் கொடுத்தபோது, தைவானிலும் சீனாவிலும் மக்கள் கொதித்துப்போனார்கள். வெறும் அழகான கையெழுத்துக்கு யாராவது அப்படிக் கோபப்படுவார்களா?

அடுத்த இதழில் இடமிருந்தால் அந்தச் சுருளின் படத்தை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். அப்புறம், பிற்காலத்தில் அதை வைத்திருந்தவர்கள் குத்திய சிவப்பு முத்திரைகளையும் அழகுக்காக நீக்கிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்