மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால்

ஆசிரியருக்கு,

வீட்டு வன்முறைச் செய்தி வரும்போதெல்லாம் "அந்தப் பெண் ஏன் முன்பே வாய் திறக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். அவரிடம் யார், எப்படிக் கேட்டார்கள் என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. கர்ப்பிணி கிளினிக்கில் மாமியார் பக்கத்தில் நிற்க, "வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்றால் "ஒண்டுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். படிவத்தில் 'இல்லை' விழுந்துவிடும். அதன்பின் அந்தக் குடும்பம் எவர் கண்ணிலும் படாது.

தனியாகப் பேசப் புதுக் கட்டடம் வேண்டாம். நிறை பார்க்கும் நேரத்தில் கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது. தமிழும் சிங்களமும் புழங்கும் நம் திருகோணமலை மாவட்டத்தில் இன்னொன்றும் முக்கியம்: பிள்ளையையோ கணவரின் தங்கையையோ மொழிபெயர்க்க விடக் கூடாது.

கேள்வி, நடந்த செயலைக் கேட்க வேண்டும். துணைவரின் வன்முறையை அறியப் பயன்படும் 'ஹிட்ஸ்' என்ற கேள்வித்தாளில் 4 கேள்விகள்: காயப்படுத்துவது, இழிவுபடுத்துவது, மிரட்டுவது, கத்தித் திட்டுவது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. மொத்தம் 10ஐத் தாண்டினால் மேலே விசாரிக்க வேண்டும். ஆனால் விருப்பமில்லாத பாலுறவும் பணக் கட்டுப்பாடும் இதில் அகப்படாது. ஏடிஎம் அட்டை யார் கையில், அந்தப் பெண்ணின் பெயரில் எடுத்த நுண்கடனை யார் செலவழித்தார், மத்திய கிழக்கிலிருந்து அனுப்பிய காசு எங்கே போனது என்பவற்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மூதூர், கிண்ணியாப் பக்கம் இவை இல்லாமல் கேட்பது அரைகுறை வேலை.

ஒரு வீட்டில் ஒரு வகை வன்முறை தெரிந்தால் மற்றவையும் இருக்கக்கூடும். பிள்ளைக்கும் அடி விழுகிறதா? வயோதிபருக்கு மருந்தும் சாப்பாடும் நேரத்துக்குக் கிடைக்கிறதா, காணி உறுதியில் கைநாட்டு வாங்கப்பட்டதா? பிள்ளைக்கு ஆபத்தென்றால் இரகசியம் காக்க முடியாது என்பதைத் தாயிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் அவர் அடுத்த முறை வரமாட்டார்.

கழுத்தை ஒருமுறை நெரித்திருந்தாலும் அது கொலை அபாயத்தின் அறிகுறி. வெளியே தழும்பே இல்லாமல் குரல் கம்முவதும் விழுங்க நோவதும் மட்டும் இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும்.

பதிலைக் கர்ப்பிணியின் அட்டையில் எழுதுவது பெரிய தவறு. அது வீட்டுக்குப் போகிறது, வீட்டில் எல்லோரும் வாசிக்கிறார்கள். அலுவலகப் பதிவேட்டில் மட்டும் எழுதி, எந்த இலக்கத்துக்கு எந்த நேரம் அழைக்கலாம் என்று அவரிடமே கேட்டுக் குறிக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையையும் பாரதூரமான உளத் துன்புறுத்தலையும் சொல்கிறது. பணத்தை மறிப்பதைத் தனியாகச் சொல்லவில்லை. ஆகவே முறைப்பாட்டில் 'செலவுக்குத் தருவதில்லை' என்று மட்டும் எழுதினால் நிற்காது. அதோடு வந்த மிரட்டலையும் அவமதிப்பையும் திகதியோடு எழுத வேண்டும். நீதவான் நீதிமன்றம் முதலில் இடைக்காலக் கட்டளையும், விசாரணைக்குப் பின் 12 மாதம் வரையான பாதுகாப்புக் கட்டளையும் தரலாம். பாதிக்கப்பட்டவர் சார்பில் பொலிஸ் அலுவலரே விண்ணப்பிக்கலாம். இது பல முறைப்பாட்டு மேசைகளுக்குத் தெரிவதில்லையோ, அல்லது கணவன் மனைவி இருவரையும் எதிரெதிரே இருத்திச் சமாதானம் பேசுவது சுலபமென்று தோன்றுகிறதோ! அன்றிரவே அந்தப் பெண் அதே வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

அனுப்புவதற்கு இடமில்லாமல் கேட்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டலும் எல்லாப் பெண்களிடமும் எல்லா இடத்திலும் கேட்கச் சொல்லவில்லை. பயிற்சி, தனிமை, இரகசியம், அனுப்பும் வழி ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் அரச வைத்தியசாலைகளின் நட்பு நிலையம், பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கான இலக்கம் 1929, பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் என்று வழிகள் உண்டு. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகமும் தன் பிரிவில் இவற்றுக்குப் பொறுப்பானவர்களின் பெயரையும் தமிழ் பேசுவோர் இருக்கும் நாட்களையும் எழுதி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்து வைக்க வேண்டும்.

குடும்ப வன்முறைத் துறைப் பணியாளர்கள்,
திருகோணமலை.