ஏற்காட்டுத் தடத்துக்கு எத்தனை எச்.பி. வேண்டும்?

அன்புள்ள துரைசாமிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. பெரியவளுக்குப் பிரசவம் என்று திருப்பூருக்கும் ஆனைமலைக்குமாக அலைந்ததில் பதில் எழுதத் தள்ளிப்போய்விட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். பேரு இன்னும் முடிவாகவில்லை, இரண்டு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு பேருடன் நிற்கிறார்கள்.

தோப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெள்ளை ஈ ஓயவில்லை. மடல் அத்தனையும் கரி பிடித்த மாதிரி நிற்கிறது. கீழ் வரிசையில் வாடல் நோய் கண்ட மரங்களை வெட்டிவிட்டேன், மனசு கேட்கவில்லைதான். பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்காலில் இந்த முறை தண்ணீர் வந்தால் அந்த இடத்தில் புதுக் கன்று வைக்க வேண்டும். ஆடிக் காற்று வேறு இந்த வருஷம் முன்கூட்டியே பிடித்துக்கொண்டது.

சரி, வண்டிக்கு வருகிறேன். 450, 570, 850, ஆயிரம் சிசி என்று நாலு ஏடிவியின் (கரடுமுரடான தடத்தில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) விவரத்தையும் அனுப்பி, “மலைக்கு எடுக்கிறோம், பெரிசாகவே எடுத்துவிடலாமா” என்று கேட்டிருக்கிறாய். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் ஏற்காட்டுக் காப்பி எஸ்டேட் வேலைக்கும், ஞாயிற்றுக்கிழமை தடத்தில் சுற்றி வருவதற்கும் 570 சிசி வகை தாராளம். அதற்கு மேல் போடும் பணம் உனக்குப் பயன்படாது. அதைவிட முக்கியம், அந்த அதிக சக்தியே உன் தடத்தில் தொந்தரவாகிவிடும். ஏன் என்று விவரமாக எழுதுகிறேன், நீயும் கணக்குப் போட்டுப் பார்.

கோயமுத்தூரில் மோட்டார் வாங்கப் போனால் விவரம் தெரிந்த கடைக்காரர் என்ன கேட்பார்? கிணறா போரா, எத்தனை அடியிலிருந்து ஏற்ற வேண்டும், எத்தனை அங்குலக் குழாய், மணிக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடைசியில்தான் அஞ்சு எச்.பி.யா ஏழரையா என்று சொல்வார். வண்டிக்கும் அதே கேள்விகள்தான்: எவ்வளவு எடை, எவ்வளவு ஏற்றம், என்ன வேகம். இந்த மூன்றும் தெரிந்தால் எச்.பி., அதாவது குதிரைத்திறன், தானாக வந்து நிற்கும்.

உன் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 570 வண்டி பெட்ரோலோடு சுமார் 340 கிலோ என்று வை. நீ 80 கிலோ. பின்னால் மூட்டை 80 கிலோ. மொத்தம் 500. உன் பங்களாவிலிருந்து மேல் பிளாக்குக்குப் போகும் அந்தச் செங்குத்துத் தடத்தில் நூறடி ஏறினால் முப்பதடி உயரம் கூடும் என்று எனக்கு ஞாபகம். அப்படியென்றால் எடையில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 150 கிலோ, வண்டியைப் பின்னால் இழுக்கும். உதிரி மண்ணிலும் கல்லிலும் சக்கரம் உருள்வதற்கு இன்னொரு 50 கிலோ ஆகும். மொத்தம் 200 கிலோ இழுவை. அந்த ஏற்றத்தில் மணிக்கு பதினாலு பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகப்போவதில்லை. அது விநாடிக்கு 4 மீட்டர். ஒரு எச்.பி. என்பது 75 கிலோவை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்தும் சக்தி. 200-ஐ 4-ஆல் பெருக்கி 75-ஆல் வகுத்தால் பதினொன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருகிறது.

சக்கரத்தில் பதினொன்று கிடைக்க வேண்டுமென்றால் இஞ்சினில் அதைவிட அதிகம் வேண்டும். பெல்ட், கியர், ஆக்சில், டயர் வழுக்கல் என்று மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடும் என்று வைத்தால் 16. அப்புறம் உயரம். ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் இஞ்சின் சக்தி குறையும். எஃப்.ஐ. (பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) இருந்தால் பெட்ரோல், காற்றுக் கலவையைச் சரிசெய்துகொள்ளும். இல்லாத காற்றை அதுவும் கொண்டுவர முடியாது. உன் இடம் 4,500 அடி, ஆகவே பதிமூன்று சதவீதம் கழியும். கடைசியில் 18, 19 எச்.பி. என்று வந்து நிற்கிறது. உன் எஸ்டேட்டில் இருப்பதிலேயே மோசமான ஏற்றத்துக்கு, மூட்டையோடு சேர்த்து, அவ்வளவுதான் தேவை.

இப்போது காகிதத்தைப் பார். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 450-க்கு 33 எச்.பி., 570-க்கு 44, 850-க்கு 78 என்று கம்பெனி சொல்கிறது. கேன்-ஆம் அவுட்லேண்டர் 1000ஆர் ஒரு காலத்தில் 91 என்று வந்தது. இந்த எண்களெல்லாம் இஞ்சின் உச்ச சுற்றில் கத்தும்போது கிடைப்பவை. நடுச் சுற்றில், காதுக்கும் வண்டிக்கும் இதமாக ஓட்டும்போது பாதி கிடைக்கும் என்று வைத்துக்கொள். 450-இல் அந்தப் பாதி பதினாறு சொச்சம். ஏறிவிடும், ஆனால் கொஞ்சம் முறுக்கிப் பிடிக்க வேண்டும். 570-இல் 22 கிடைக்கிறது. உன் தேவை அதற்குள் அடங்கிவிட்டது. ஹோண்டாவும் யமஹாவும் ஏடிவிக்குப் பெரும்பாலும் எச்.பி. எண்ணே வெளியிடுவதில்லை. அவற்றைப் பார்க்கும்போது சிசி, எடை, லோ கியர் (சுமையோடு மெதுவாக ஏறுவதற்கான கியர்) உண்டா என்பதை வைத்து முடிவு செய்.

அடுத்ததுதான் நான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. பின்னால் டிரெயிலர் மாட்டி உரம் ஏற்றலாம், அதற்காகவாவது ஆயிரம் சிசி வேண்டாமா என்று கேட்டிருக்கிறாய். 200 கிலோ டிரெயிலரை அதே ஏற்றத்தில் இழுத்தால் மொத்த எடை 700 கிலோ, தேவைப்படும் இழுவை 280 கிலோ. உதிரி மண்ணில் நாலு சக்கரமும் பிடித்தால்கூட, வண்டியும் அதன் மேல் இருக்கும் சுமையும் சேர்ந்த 500 கிலோவில் பாதி அளவுக்குத்தான் பிடிமானம் கிடைக்கும். ஏற்றத்தில் அது ஏறக்குறைய 240 கிலோ. அதற்கு மேல் எத்தனை எச்.பி. கொடுத்தாலும் சக்கரம் அதே இடத்தில் சுற்றிக் குழி பறிக்கும். டிரெயிலர் எடை அதன் சக்கரத்தில் இறங்குகிறதே தவிர, வண்டியின் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை. அந்த ஏற்றத்துக்கு டிரெயிலரே கூடாது. பாதிப் பாதியாக ரேக்கில் வைத்து இரண்டு நடை போ. டிரெயிலரை மட்டமான கீழ்ப் பாதையோடு நிறுத்திக்கொள்.

ஆனைகட்டிப் பக்கம் என் அக்கா மகன் தோட்டத்தில் 450 ஒன்றும் 850 ஒன்றும் நிற்கின்றன, இரண்டையும் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே கிளுவை வேலிக்கு நடுவில் இட்டேரி மாதிரி குறுகலான தடம்தான். அதில் 850-இன் ஆக்சிலரேட்டரை நகத்தளவு அழுத்தினாலே வண்டி முன்னால் பாய்கிறது. கல்லில் ஏறும்போது கை தன்னையறியாமல் ஆடும். அந்தச் சின்ன ஆட்டத்துக்கே அது எகிறுகிறது. செங்குத்து ஏற்றத்தில் இப்படித் திடீரென்று சக்தி வந்தால் முன் சக்கரம் தூக்கி, வண்டி ஆள் மேலேயே பின்னால் மல்லாந்துவிடும். முன்னூற்றைம்பது கிலோ இரும்பு மேலே விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 450-இல் அந்தப் பயம் குறைவு. ஆனால் ஓடை மணலில் மூட்டையோடு போகும்போது அது திணறுவதையும் பார்த்தேன். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் வண்டி இருக்கிறது.

ஏறுவதைப் பற்றி மட்டுமே எழுதியிருந்தாய், இறங்குவதைப் பற்றி ஒரு வரி இல்லை. மலையில் வாழ்பவனுக்கு அதுதான் பெரிய கேள்வி என்பேன். காப்பிப் பழ மூட்டையோடு மேல் பிளாக்கிலிருந்து ஈரமான தடத்தில் இறங்கும்போது உன்னைக் காப்பாற்றுவது இஞ்சின் பிரேக்கிங், அதாவது ஆக்சிலரேட்டரை விட்டதும் இஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைப்பது. சில பெல்ட் வண்டிகளில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கிளட்ச் விலகி வண்டி சும்மா உருளத் தொடங்கிவிடும். அப்புறம் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டும், ஈர இலை மேல் சக்கரம் பூட்டிக்கொண்டால் வழுக்கல்தான். வாங்கும் மாடலில் இஞ்சின் பிரேக்கிங் இருக்கிறதா, நாலு சக்கரத்துக்கும் அது போகிறதா என்று கேள். மேல் மாடலில் மட்டும் அது இருந்தால், சிசிக்குக் கொடுக்க நினைத்த பணத்தை அதற்குக் கொடு.

லோ கியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுமையோடு மெதுவாக ஏறும்போது ஹையில் போட்டு ஓட்டினால் பெல்ட் வழுக்கிக் கருகிவிடும். வண்டிக்குப் பவர் போதவில்லை என்று பலரும் குறை சொல்வது இந்த இடத்தில்தான். நடை வேகத்தில் ஏறும் இடம் எல்லாவற்றிலும் லோ போட வேண்டும். உன் ஆட்களுக்கும் இதைச் சொல்லிக் கொடு. டயர் காற்றையும் கார் மாதிரி ஏற்றிவிடாதே, ஏடிவிக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ. அளவுதான் இருக்கும், வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைப் பார்த்துக்கொள். அழகுக்காகப் பெரிய டயர் மாட்டினால் கியர் விகிதமே மாறி, இருக்கும் சக்தியும் குறைந்த மாதிரி ஆகிவிடும். ஏர் ஃபில்டரில் மாசி, பங்குனிப் புழுதி அடைத்தாலும் அதே கதி.

பெரிய வண்டிக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. அகலமான மட்ட நிலத்தில் வேகமாகப் போகிறவர்களுக்கும், ஆழமான சேற்றில் இறங்குகிறவர்களுக்கும், இரண்டு பேர் உட்காரும் நீள வண்டியில் நாள் முழுக்கச் சுற்றுகிறவர்களுக்கும் 850 அர்த்தமுள்ளது. உன் தடத்தில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் இருபது கிலோமீட்டர் வேகமே அதிகம். வளைவு திரும்பினால் காட்டெருமை நிற்கும் ஊர் அது.

உன் சின்னவன் ஓட்ட ஆசைப்படுகிறான் என்று எழுதியிருந்தாய். அவனுக்குப் பதினாலுதானே ஆகிறது. இந்த அளவு வண்டியைப் பதினாறு வயதுக்குக் கீழ் ஓட்டக்கூடாது என்று கம்பெனிக்காரர்களே வண்டியில் எழுதி ஒட்டுகிறார்கள். இதில் நீ இளகிவிடாதே. ஒற்றை ஆள் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவதும் வேண்டாம், ஆள் எடை பின்னால் சேர்ந்தால் ஏற்றத்தில் வண்டி மல்லாக்கும். பெரியவன் ஓட்டட்டும், ஹெல்மெட்டோடு.

இன்னொன்று. எஸ்டேட் எல்லைக்குள் இருக்கும்வரை சிக்கல் இல்லை. சாதாரண ஏடிவிக்கு இங்கே ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைப்பதில்லை. டிராக்டர் வகையில் பதிவாகும்படி ஸ்போர்ட்ஸ்மேன் 570-இல் ஒரு வடிவம் வந்தது, ஊர் ரோட்டைக் கடந்துதான் அடுத்த பிளாக்குக்குப் போக வேண்டுமென்றால் அதையே விசாரி. காப்புக்காட்டுக்குள் தடம் நன்றாக இருக்கிறதென்று அனுமதி இல்லாமல் இறங்கிவிடாதே.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கும் தண்ணி டியூப் வாங்கி, மேல் பிளாக் தடத்தில் மிகச் செங்குத்தான நூறடியை அள. முப்பதடி என்று நான் எழுதியது ஞாபகத்திலிருந்துதான். நாற்பதடிக்கு மேல் வந்தால் எந்த வண்டியானாலும் அந்த இடத்தை வளைத்துப் புதுத் தடம் வெட்டுவதுதான் முறை. பொக்லைன் வாடகை வண்டி விலை வித்தியாசத்தில் ஒரு சிறு பங்குதான் ஆகும். அப்புறம், கடையில் வண்டியைச் சிமெண்ட் தரையில் ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதே. மூட்டை வைத்து, லோவில் போட்டு, ஏதாவது ஒரு மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மறுபடி கிளப்பச் சொல். அதே மேட்டில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வண்டியை இறக்கியும் பார்.

ஆடி கழிந்ததும் நானே ஏற்காட்டுக்கு வருகிறேன். பழம் எடுப்பு தொடங்கும் முன் தடத்தை இரண்டு பேருமாக நடந்து பார்த்துவிடலாம். அதற்குள் அளந்த கணக்கை எழுதி அனுப்பு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். போன தடவை கொடுத்தனுப்பிய மிளகு தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்லச் சொன்னார்கள்.

அன்புடன்,
உன் ரங்கசாமி
ஆனைமலை