பாக்கெட்டை மட்டும் சோதித்தால் போதாது: உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் உரிம விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பிரித்ததும் அப்படியே சாப்பிடுகிற குளிரூட்டிய உணவுகளைத் தயாரிக்கும் ஆலைகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவன் நான். சாண்ட்விச், வேகவைத்த கோழித் துண்டு, நறுக்கிய பழம் என்று இந்தச் சந்தை நம் ஊர்களில் வேகமாக வளர்கிறது. வாங்குபவர் இதை மறுபடி அடுப்பில் ஏற்றப் போவதில்லை. ஆகவே ஆலையில் வெந்து இறங்கிய பிறகு அதில் ஒரு கிருமி ஒட்டினால், சாப்பிடுபவர் வாய் வரை அதைத் தடுக்க எதுவுமே இல்லை. இதற்காகத்தான் உரிம நிபந்தனையில் ஒரு மாற்றம் கேட்டு எழுதுகிறேன்.

இப்போதைய நிபந்தனைப்படி தயாரிப்பாளர் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் உணவை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். சரி, தேவையான விதிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் உற்பத்தியில் நூற்றுக்கு ஒரு பாக்கெட்டில் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி இருக்கிறது என்று வையுங்கள். ஐந்து பாக்கெட்டைச் சோதித்தால், ஐந்திலும் 'இல்லை' என்று வருவதற்கு 95 சதவீத வாய்ப்பு. அறுபது பாக்கெட்டைச் சோதித்தாலும், கிருமி கண்ணில் படாமல் போகும் வாய்ப்பே பாதிக்கு மேல். அந்தச் சான்றிதழை ஃபைலில் போட்டுவிட்டு ஆலை முதலாளி நிம்மதியாக இருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விதி கேட்டதை அவர் செய்துவிட்டார்.

லிஸ்டீரியா ஆலையில் குடியிருக்கும் கிருமி. நாம் பாதுகாப்பு என்று நம்பும் 4 டிகிரி குளிரிலும் பெருகும். ஈரமும் கொஞ்சம் உணவுத் துணுக்கும் கிடைத்தால் எஃகிலும் ரப்பரிலும் வழவழப்பான படலமாகப் படிந்துவிடும். அதன் மேல் கிருமிநாசினி ஊற்றினால் அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுத் தேய்த்து, அலசி, படலம் போன பிறகு அடித்தால்தான் மருந்து வேலை செய்யும். அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்றால் முதலில் விட்டுப்போவது இந்தத் தேய்ப்புதான்.

உங்கள் அதிகாரிகள் ஒருமுறை ஷிஃப்ட் முடிந்து கழுவும் நேரத்தில் வந்து நிற்க வேண்டும். தரை வடிகாலின் சல்லடை மூடியில் அன்றைய மிச்சமெல்லாம் சேர்ந்திருக்கும். கழுவுபவர் மூடியைத் தூக்கிவிட்டு, அழுத்தக் குழாயை நேராக உள்ளே பாய்ச்சுவார். பார்க்கச் சுத்தமாவது போலத்தான் இருக்கும். ஆனால் வடிகால் தண்ணீர் நுண்துளிகளாக மேலே எழும்பி, ஏற்கெனவே கழுவி முடித்த கன்வேயர் பெல்ட்டில் படியும். மறுநாள் காலை வெந்த உணவு வருவது அந்த பெல்ட்டில். தப்பு அந்தத் தொழிலாளியுடையது இல்லை. வடிகாலுக்குத் தனி பிரஷ் வேண்டும், அங்கே அழுத்தக் குழாய் கூடாது என்று அவருடைய மொழியில் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு ஆலைகளில் இரவு ஷிஃப்டில் கழுவுபவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். உணவுத் தொழிலில் இருப்பவர்களுக்கு நீங்கள் நடத்தும் ஃபோஸ்டாக் பயிற்சியில் இந்த வேலைக்கென்று ஒரு நாள் ஒதுக்கி, ஒடியாவிலும் இந்தியிலும் நடத்தினால் பெரிய உதவி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2008-ல் கனடாவில் மேப்பிள் லீஃப் நிறுவனத்தின் டொராண்டோ ஆலையிலிருந்து போன இறைச்சித் துண்டுகளைச் சாப்பிட்டு 20 பேருக்கு மேல் இறந்தார்கள். துண்டு போடும் எந்திரங்களுக்குள், வழக்கமான கழுவலுக்கு எட்டாத ஆழத்தில், லிஸ்டீரியா சேர்ந்திருந்தது. அதைவிட வருத்தமான செய்தி, அந்த ஆலை ஸ்வாப் (பரப்புகளைப் பஞ்சால் துடைத்தெடுத்துக் கிருமி தேடும் சோதனை) எடுத்துக்கொண்டுதான் இருந்தது. முந்தைய மாதங்களில் அவ்வப்போது லிஸ்டீரியா காட்டவும் செய்தது. ஒவ்வொரு முறையும் கழுவினார்கள், அடுத்த முடிவு சரியாக வந்தது, விட்டுவிட்டார்கள். எல்லா முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஆள் இல்லை. அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயமும் அன்று இல்லை. 2009-ல்தான் கனடா அதைக் கட்டாயமாக்கியது.

தென்னாப்பிரிக்காவில் 2017-2018-ல் 1,060 பேருக்கு லிஸ்டீரியா நோய் உறுதியானது. 216 பேர் இறந்தார்கள். நோயாளிகளில் பத்தில் நான்கு பேர் பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத சிசுக்கள். அம்மா சாப்பிட்டது வயிற்றுப் பிள்ளைக்குப் போயிருக்கிறது. காரணம் பொலோனி என்ற மலிவான இறைச்சி. பொலோக்வானே நகரில் அதைத் தயாரித்த ஆலைக்குள்ளேயே அதே ரகக் கிருமி கிடைத்தது. சொவெட்டோவில் ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளுக்கு நோய் வந்து, அங்கிருந்த பொலோனியைச் சோதித்த பிறகே வழி திறந்தது. இந்த நோய் தலைகாட்ட எழுபது நாள்கூட ஆகலாம். இரண்டு மாதத்துக்கு முன் எந்த பாக்கெட்டைப் பிரித்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? நோயாளியிடமிருந்து பின்னோக்கிப் போய் ஆலையைக் கண்டுபிடிக்கலாம் என்று நாம் காத்திருக்க முடியாது.

ஆகவே என் கோரிக்கை இது. குளிரூட்டிய, சமைக்காமல் சாப்பிடும் உணவு தயாரிக்கும் ஒவ்வொரு ஆலையும் தன் தரை, வடிகால், எந்திரங்களை வாராவாரம் ஸ்வாப் எடுத்து, முடிவுகளை ஆலையின் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். கழுவிய கையோடு பளபளக்கும் மேஜை நடுவில் எடுக்கும் ஸ்வாப் எதற்கும் உதவாது. வேலை தொடங்கி மூன்று மணி நேரமாவது ஆன பிறகு, கன்வேயர் உருளையின் உட்புறம், சில்லர் கதவில் வெடித்த ரப்பர், பிளேடுக்குப் பின்னால் இருக்கும் இடுக்கு என்று தேடி எடுக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்க வேண்டியது அந்த வரைபடத்தை. வருடம் முழுக்க எல்லாம் நெகட்டிவ் என்றால், அந்த ஃபைலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதே விதியில் இன்னொன்றும் எழுதுங்கள். வடிகாலிலோ சுவரிலோ லிஸ்டீரியாவைத் தானே கண்டுபிடித்து, பதிவு செய்து, சரிசெய்யும் ஆலைக்கு அதற்காக அபராதமோ வழக்கோ கிடையாது. உணவு படும் இடத்தில் கிடைத்தால் மட்டும் அந்த பேட்ச்சை நிறுத்திவைத்துச் சோதித்து, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஸ்வாப் விதி காகிதத்தோடு நின்றுவிடும். "அங்கே எதுக்குய்யா எடுக்கறே, பாசிட்டிவ் வந்தா யார் பதில் சொல்றது?" என்று உற்பத்தி மேலாளர்கள் கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். அந்தப் பயம் போகாமல் உண்மையான ஸ்வாப் வராது.

செலவு அதிகம் என்று சிறு ஆலைகள் சொல்வார்கள். அது நியாயமான கவலை. சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்களில் இருக்கும் அரசு உணவுப் பகுப்பாய்வு ஆய்வகங்கள் சிறு ஆலைகளின் ஸ்வாப்களைச் சலுகைக் கட்டணத்தில் சோதித்துக் கொடுக்க ஏற்பாடு செய்யலாம். முடியாத வேலையை நான் கேட்கவில்லை. வேகவைத்த இறாலை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகள் பலவற்றில் இது அன்றாட வேலை, ஏனென்றால் வாங்கும் நாடு கேட்கிறது. நம் ஊர்க் கர்ப்பிணிக்காகக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்.

வரைவு விதியை வெளியிட்டுக் கருத்துக் கேளுங்கள். ஆலைத் தளத்தில் வேலை பார்க்கும் எங்களையும் அழைத்துப் பேசுங்கள். எந்தெந்த இடுக்கில் ஸ்வாப் எடுக்க வேண்டும் என்று எந்திரம் எந்திரமாகக் காட்ட எங்களால் முடியும்.

இப்படிக்கு,
உணவு ஆலை ஒன்றின் தரக் கட்டுப்பாட்டு ஊழியன்